இரயில் பெட்டியில் கேட்ட குரல்: கே. பி. சுந்தராம்பாள் வாழ்க்கை

பெற்ற தந்தையின் பெயரிலிருந்து முதலெழுத்தை எடுத்துச் சூடிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தினின்று விலகி, பிறந்த ஊரின் பெயரையும் பெற்ற தாயின் பெயரையும் முன்னெழுத்துகளாகக் கொண்டு வாழ்ந்தவர் ஒருவர். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதே கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெயரின் விரிவு. ஊரும் தாயுமே அவருக்கு வாய்த்த முதற்செல்வங்கள். மூன்றாவது செல்வம் குரல்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டனர். நான் ஒரு பாடகியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். காரணம் உண்டு. கவிதை எழுதுவோர் ஒவ்வொருவர் நெஞ்சிலும், நம்மைக் கேட்பவர் யார் என்ற வினா ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இருபது பேர் அமர்ந்த மாதக் கூட்டத்தில் கவிதை படித்துவிட்டு இரவுப் பணிக்குத் தொழிற்சாலை வாயிலை நோக்கி விரைந்த நம் உறுப்பினர்கள் இவ்வினாவை நன்கறிவர். சுந்தராம்பாளின் வாழ்க்கை, எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத ஒருவர் கேட்டதனால் திசை திரும்பிய வாழ்க்கை. ஒருமுறையன்று, பலமுறை.

1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் பிறந்தார். கொடுமுடி, மூவரும் பாடிய தேவாரத் தலம். தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் அது. பாட்டு, அவ்வூரின் காற்றிலேயே கலந்திருந்தது. சோறுதான் எளிதிற் கிட்டவில்லை. தந்தை இளமையிலேயே இல்லாமற்போக, பாலாம்பாள் அம்மையார் மூன்று குழந்தைகளைத் தனியே வளர்க்க வேண்டியவரானார். சுந்தராம்பாளோடு கனகசபாபதி என்னும் தம்பியும் சுப்பம்மாள் என்னும் தங்கையும் இருந்தனர். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமாயின் மூத்த பெண்ணும் ஏதேனும் ஈட்டியாக வேண்டும் என்ற நிலை.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அந்நாளில் அது தென்னிந்திய இரயில்வேக்கு உரியது. அவ்வழியே சென்ற வண்டிகளில் ஏறிப் பாடி, பயணிகள் தரும் காசைப் பெற்று வந்தாள் சிறுமி. இதனைச் சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. வறுமை அந்தக் குழந்தை செய்த குற்றமன்று. ஆயினும் அந்தப் பெட்டிகளே அவளுடைய முதற் பாடசாலையாயின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சக்கரங்களின் ஓசை ஒருபுறம், பேச்சும் குழந்தைகளின் அழுகையும் மறுபுறம். அடுத்த நிலையம் வருவதற்குள் ஒரு பாட்டு முடிய வேண்டும். கேட்பவர் யாரும் பாட்டுக் கேட்க வந்தவரல்லர். கேட்க விரும்பாதவரையும் நிமிர்ந்து பார்க்கச் செய்தாலன்றிக் காசு விழாது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரர் வரை எட்டிய அந்தக் குரலின் வன்மைக்கு இரயில் பெட்டியும் ஓர் ஆசான் என்றே நான் கருதுகிறேன்.

அவ்வாறு அவள் பாடிய ஒரு பெட்டியில், பாட்டின் அருமை அறிந்த ஒருவர் அமர்ந்திருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அவர் எஃப். ஜி. நடேச ஐயர். இரயில்வே நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். திருச்சியில் 1914ஆம் ஆண்டு ரசிக ரஞ்சனி சபையைத் தொடங்கியவர். தாமே நடித்தும் பிறரை நடிக்கச் செய்தும் நாடகக் கலையை வளர்த்தவர். பிற்காலத்தில் திரையுலகை ஆண்ட எம். கே. தியாகராச பாகவதர், சிறுவராக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியதும் இவர் கண்டெடுத்ததனாலேயே. 1938ஆம் ஆண்டின் சேவாசதனம் படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியோடு ஈசுவர ஐயராக நடித்தவரும் இவரே. கரூரில் பணியாற்றிய கிருஷ்ணசாமி ஐயர் என்னும் காவல்துறை அலுவலரே சிறுமியின் பாட்டைக் கேட்டு நாடகக் குழுவில் சேர்ப்பித்தார் என்று கூறும் வழக்கும் உண்டு. இரு வழக்குகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த ஒருவர், காசு ஒன்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நின்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் அடுத்த காரியத்தையும் செய்தார்.

சிறுமி, பி. எஸ். வேலு நாயரின் நாடகக் குழுவை அடைந்தாள். குழந்தை நடிகர்களைப் பாலபார்ட் என்பது அக்கால வழக்கு. நல்லதங்காள் நாடகத்தில் நல்லதங்காளின் மூத்த மகனாக ஆண் வேடம் பூண்டு, பசியால் வாடும் பிள்ளையின் பாட்டைப் பாடினாள். கொட்டகை கண்ணீர் விட்டது. வறுமை தாளாமல் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றிலெறிந்த தாயின் கதை அது. அக்கதையில் பசித்த பிள்ளையாக நின்ற குழந்தைக்குப் பசி என்பது ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாவமன்று. ஊர் அழுதது; அழுதவர்களில் எத்தனை பேர் அது நடிப்பன்று என உணர்ந்தனரோ! கலைஞரின் துன்பமே நமக்கு இன்பமாக மாறும் இந்த விந்தையை எண்ணும்போது, கேட்போராகிய நமக்கும் ஒரு கடன் இருப்பது புலப்படுகிறது.

சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) வகுத்துத் தந்த நாடகமரபு தமிழ்நாடெங்கும் கோலோச்சிய காலம் அது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சாரங்கதரா, அரிச்சந்திரன் ஆகியவற்றின் கதையும் பாட்டும் ஊரறிந்தவை. ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வரவழைக்கப்பட்ட நடிகர்கள், ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். ஆர்மோனியம் சுருதி கொடுக்க, ஒருவர் பாட்டால் வினா எழுப்புவார். மற்றவர் பாட்டால் விடை தரவேண்டும். தடுமாறினால் கொட்டகை நகைக்கும். வென்றால் ஒன்ஸ்மோர் என்ற குரல் எழும். கேட்போர் அங்கே நீதிபதிகள். இரயில் பெட்டியில் பயின்ற பெண்ணுக்கு அந்த நீதிமன்றம் அச்சத்தைத் தரவில்லை.

கடல் கடந்து இலங்கைக்கும் அவர் சென்று நடித்தார். கொழும்பில் அவர் புகழ் ஓங்கியிருந்தபோது, 1926ஆம் ஆண்டு, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தார். 1906இல் பிறந்தவர், கன்னையா குழுவின் நாடகங்களால் நாடெங்கும் அறியப்பட்டவர், உச்ச சுருதியில் தடையின்றி உலவும் குரலுக்கு உரியவர். இருவரும் வள்ளி திருமணத்தில் ஒரே மேடையில் நின்றனர். வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் பாட்டு வழக்கு, இரண்டு பெருங்கலைஞர்களின் வழக்காக ஆயிற்று. ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டே ஆகவேண்டும். கூர்ந்து கேட்டாலன்றி விடை பாட இயலாது. அதுவரை கொட்டகையில் அமர்ந்தோர் மட்டுமே சுந்தராம்பாளைக் கேட்டனர். இப்பொழுது அதே மேடையில், அதே சுருதியில், தன்னைக் கேட்கும் ஒருவரை அவர் கண்டார். 1927ஆம் ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அம்மணவாழ்வு நெடிது நீடிக்கவில்லை, இனிதாகவும் அமையவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். பிரிவும் ஊடலும் நோயும் இடையே புகுந்தன. அந்நாள்களில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. மேடையில் எவருக்கும் அஞ்சாத ஒருவர், தாளில் எத்துணை இறைஞ்சியும் எத்துணை தன்மானத்தோடும் பேசினார் என்பதை அவை காட்டும். ஆயிரம் பேர் கேட்கப் பாடியவருக்கு ஒருவர் கேளாமற்போனதே பெருந்துயராயிற்று. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு அகவை இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அதன்பின் அவர் வெண்ணிற ஆடை உடுத்தார், அணிகலன்களைத் துறந்தார், ஆண் நடிகரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். மேடை அவரை இழந்தது. கொடுமுடியில் மௌனம் குடிகொண்டது. கைம்மைக் கோலத்தை இன்று நாம் போற்றத் தேவையில்லை. அக்கோலத்தைப் பெண்ணின்மேல் சுமத்திய வழக்கம் கொடியது. எனினும் அவர் அதனை அணிந்த முறை வேறாயிருந்தது. வீட்டின் மூலையில் ஒடுங்க வைப்பதற்காக ஏற்பட்ட அவ்வெள்ளைச் சேலையை, அவர் பின்னர் நாடறிந்த மேடைகளுக்கும் சட்ட மேலவைக்கும் அணிந்து சென்றார். எந்த இடத்துக்கு வரக்கூடாதென்று அவ்வுடை ஆணையிட்டதோ, அவ்விடங்களுக்கெல்லாம் அவ்வுடையோடே சென்றார்.

மௌனத்தைக் கலைத்தவரும் கேட்போரே. விடுதலைப் போராட்டக் காலத்தில் பாட்டின் ஆற்றலை நன்குணர்ந்த தலைவர் தீரர் சத்தியமூர்த்தி. நாடகக் கலைஞர்களோடு நெருங்கிப் பழகியவர். சொந்தத் துயரத்துக்காக அடங்கிய குரல் நாட்டின் துயரத்துக்காக எழ வேண்டுமென்று அவர் வலியுறுத்தினார். காந்தியடிகள் கொடுமுடியில் சுந்தராம்பாளின் இல்லத்துக்கு வந்ததாகவும், பொன் தட்டில் உணவு படைக்கப்பட்டதாகவும், உணவு மட்டும்தானா தட்டும் உண்டா என அண்ணல் சிரித்துக்கொண்டே வினவ, அத்தட்டையே அவர் காணிக்கையாக்கியதாகவும் கொங்கு நாட்டில் இன்றும் பேசுவர். காசுக்காக இரயிலில் பாடிய குழந்தை, பொன்னையே கொடுத்துவிடும் நிலைக்கு உயர்ந்தாள் என்பதே அக்கதை மக்கள் நாவில் வாழ்வதற்குக் காரணமாக இருக்கலாம். தேசியப் பாடல்கள் அவர் குரலில் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார்.

இதற்கிடையே படவுலகம் அவரைத் தேடி வந்தது. நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிய தயாரிப்பாளர் அசந்தாசு, நந்தனாராகவே அவர் நடிக்க வேண்டுமென வேண்டினார். மறுத்து அனுப்பும் பொருட்டு, எவரும் தரத் துணியாத ஓர் இலட்சம் ரூபாயைக் கேட்டார் சுந்தராம்பாள். வந்தவரோ உடன்பட்டுவிட்டார்! 1935இல் பக்த நந்தனார் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராசபுரம் விசுவநாத ஐயர். ஆண் நடிகரோடு காதல் காட்சியில் நடிப்பதில்லை என்ற உறுதிக்கு ஆண் வேடமே வழிகாட்டிற்று. அண்ணல் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக 1933, 1934ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் பயணம் செய்து முடித்த வேளை அது. கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட அடியவரின் குரலாக, சடங்குகளின் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு பெண் பாடினார்.

கேட்போர் எல்லாரும் உருகினர் என்று எழுதிவிட்டால் அது வாழ்க்கை வரலாறாகாது. ஆனந்த விகடனில் கல்கி அப்படத்தைக் கடுமையாக எள்ளி எழுதினார். படத்தில் வரும் பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்குட்டிக்குமே நடிப்பில் முதலிடம் தந்தார். இலட்ச ரூபாய்ப் படத்துக்கு விழுந்த அந்த அடியை நாடே படித்துச் சிரித்தது. சுந்தராம்பாள் விடையேதும் எழுதவில்லை. அவ்விதழின் உரிமையாளர் எஸ். எஸ். வாசன் என்பதையும், பிற்காலத்தில் அதே வாசன் தம் ஜெமினி நிறுவனத்தின் பெரும்படத்துக்குச் சுந்தராம்பாளையே நாடி வந்தார் என்பதையும் இணைத்துப் பார்த்தால், காலம் எழுதிய விடை விளங்கும்.

அப்படமே ஔவையார். கொத்தமங்கலம் சுப்பு இயக்க, 1953இல் வெளிவந்தது. இவ்விடத்தில் நம் மண் கதைக்குள் வருகிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் ஆண்ட தகடூர் நாட்டின் எல்லைக்குள் அமைந்ததே நம் கிருட்டினகிரிப் பகுதி. 2004ஆம் ஆண்டு வரை நாம் தருமபுரி மாவட்டத்தினராகவே இருந்தோம். சங்க கால ஔவை வேறு, நீதிநூல் பாடிய ஔவை வேறு என்பது புலவர் முடிபு. படமோ எல்லா ஔவைகளையும் ஒரே கிழவியாக ஆக்கிற்று. அக்கிழவியாக ஊன்றுகோலோடு நடந்தவர் நாற்பதுகளில் இருந்த சுந்தராம்பாள். இன்றைக்கும் ஔவை என்றதும் தமிழர் மனக்கண்ணில் தோன்றுவது அவர் முகந்தான்.

அப்படத்தைக் கண்டவர்களுள் ஒருவர் நம் மண்ணின் மைந்தர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். நாடே புகழ்ந்த படம் அவருக்குப் பிடிக்கவில்லை. டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த நாடகமே மிகவும் மேம்பட்டது என்றும், படத்தில் இடியும் மழையும் யானையும் இடிந்து விழும் கோட்டையும் மிகுந்துவிட்டன என்றும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இவ்வளவு பொருட்செலவும் விளம்பரமும் செய்த பின்னர் எவ்வாறு குறை கூறுவது என்று வெளியே சொல்லாமல் அடக்கிக்கொண்டார். ஓர் ஆண் கிழவியாக நடித்ததை மெச்சிய அவர், ஆணாக நடித்துப் புகழ்பெற்ற ஒரு பெண்ணின் கிழவி வேடம் வந்த படத்தில் நிறைவு காணவில்லை. அவர் குறை கூறியது படத்தின் ஆரவாரத்தை என்பது கருதத்தக்கது. நேர்மையான கேட்போர் ஒருவரின் மாறுபட்ட கருத்தும் கலைஞர் பெற்ற செல்வமே. அதனை நாட்குறிப்புக்குள் பூட்டி வைத்ததுதான் குறை. நம் கூட்டங்களிலும் கைதட்டிவிட்டு வீட்டுக்குச் சென்று மனத்துக்குள் மறுப்பு எழுதுவோர் உண்டல்லவா?

எஞ்சிய வரலாறு விரைவில் சொல்லி முடிக்கத்தக்கது. 1951இல் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். கலையுலகிலிருந்து அவ்வகைப் பொறுப்புக்கு வந்த முன்னோடிகளுள் ஒருவர் எனும் சிறப்பு அவருக்குண்டு. 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகவும், 1967இல் கந்தன் கருணையிலும் தோன்றினார். 1969இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அறுபதைத் தாண்டிய குரலுக்குக் கிட்டிய விருது அது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வேடங்கள் எவையாயினும் ஒன்றைக் காணலாம்: நந்தன், துறவி, கிழவி. காதலியாகவோ மனைவியாகவோ அவர் திரையில் நிற்கவேயில்லை. 1933இல் பூண்ட உறுதி, 1980இல் அவர் மறையும் வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் நின்றது.

நண்பர்களே, ஓசூருக்கும் இருப்புப்பாதைக்கும் உள்ள உறவு விட்டுவிட்டுத் தொடர்ந்தது. 1913இல் தருமபுரியிலிருந்து இங்கு வந்த குறுகிய பாதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1960களின் இறுதியில் சேலம் பெங்களூர்ப் பாதை வந்தது. 1970களில் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே பெட்டியில் பயணம் செய்யத் தொடங்கின. அப்பெட்டிகளில் இன்றும் பாடி வருவோர் உண்டு. பார்வையற்ற ஒருவர், அவர் தோளைப் பற்றியபடி ஒரு சிறுமி, கழுத்தில் தொங்கும் சிறு ஒலிபெருக்கி. நாம் பெரும்பாலும் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. நிமிர்த்தினாலும் நாணயத்தைத் தேடுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

நடேச ஐயர் கேட்கவில்லையெனில் சுந்தராம்பாள் பாடகியாகியிரார் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் அதற்கு முன்பே பாடகிதான். அதனாலேயே அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்டெடுத்தவரின் பெருமையைப் பேசுமிடத்தில், கண்டெடுக்கப்படாமல் அடுத்த நிலையத்தில் இறங்கிப்போன குரல்களையும் எண்ணுதல் வேண்டும். அவற்றுக்கு வரலாறு இல்லை. அவை பாடிய பெட்டிகளில் நம்மைப் போன்றவர்கள் அமர்ந்திருந்தோம் என்பதே அவற்றைப் பற்றி எழுதத்தக்க ஒரே செய்தி.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் கவிதை படித்தவர்களின் பெயர்கள் இம்மலரின் பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. கூட்டம் தவறாமல் வந்து, பின்வரிசையில் அமர்ந்து, ஒரு வரியும் எழுதாமல் கேட்டுச் சென்ற அன்பர்கள் சிலரும் இருக்கின்றனர். அவர்கள் பெயர்களையும் ஒரு பக்கத்தில் அச்சிட வேண்டுமென்று மலர்க்குழுவைக் கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.